‘கடைசி’ என்று நீங்கள் பெயர் வைத்த பக்கம்

ஆச்சி,

இன்று காலை உங்கள் மடிக்கணினியைத் திறந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். சூடேறியதும் எழுத்துக்கட்டைகளின் இடுக்கிலிருந்து அந்துருண்டை வாசம் வர ஆரம்பித்தது. கம்ப்யூட்டரைப் பட்டுச் சேலைக்கு நடுவில் வைத்துப் பீரோவைப் பூட்டிய ஆள் இந்தக் காரைக்குடியிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். இருமல் மருந்து வாங்க வந்தவர், “என்னண்ணே, மருந்துக்கடையில பீரோ வாசம் அடிக்குது?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த வாசத்தோடு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் இதைக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தான். “அம்மா போட்ட பக்கமெல்லாம் இதுலதான் இருக்கும் மாமா. வருஷப் புத்தகத்துக்கு எது சரியா வரும்னு நீங்களே பாத்து எடுத்துருங்க. எனக்கு இதெல்லாம் புரியாது” என்றான். நம் குழு வருஷத்துக்கு ஒரு தடவை போடுகிற அந்தப் புத்தகம் சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இன்று வியாழன். உங்கள் பெயரில் புத்தகத்தில் வரப்போகும் ஒரே பக்கத்தை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுதான் என் தலைமேல் விழுந்திருக்கிற பொறுப்பு.

நம் குழுவில் செய்வதை என் வீட்டுக்காரிக்கு இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் எடுத்து, பின்னால் ஒரு வண்ணத்தாளை விரித்து, ஓரத்தில் பூவும் ரிப்பனும் படமாக வைத்து, கீழே நாலு வரி எழுதி ஒரு பக்கமாக ஒட்டுகிறோம் என்று சொன்னால், “பசை இல்ல, கத்திரிக்கோல் இல்ல, அப்புறம் எதுக்கு அதுக்கு ஒட்டுறதுன்னு பேரு?” என்பாள். மருந்துக்கடை வைத்திருக்கிற, மீசை நரைத்த ஆளுக்குப் பூவும் ரிப்பனும் எதற்கு என்பது அவள் கேட்காமல் கேட்கிற கேள்வி. அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. அதனால்தான் குழுவில் சேர்ந்த முதல் ஆறு மாதமும் ஒவ்வொரு பக்கத்தையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அனுப்பினேன். ‘சும்மா பொழுதுபோகாமல் செய்தது’, ‘சரியாக வரவில்லை’, ‘தப்பாக நினைக்க வேண்டாம்’ என்று பக்கத்தைவிட முன்னுரை நீளமாக இருக்கும்.

ஒன்பது பேர் இருந்த குழுவில் எட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். நீங்கள் மட்டும் அப்படிச் செய்ததில்லை. “நல்லாருக்குன்னா, எது நல்லாருக்கு? அதச் சொல்லுங்க” என்பீர்கள். அதையே குழுவுக்குச் சட்டமாகவும் ஆக்கிவிட்டீர்கள். ஒருவர் பக்கத்தைப் பார்த்தால் அதில் ஏதாவது ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

உங்கள் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை. நாச்சியாபுரத்தில் என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசப் பக்கத்தை நான் அனுப்பியபோது நீங்கள் அனுப்பிய குரல்பதிவு இப்போதும் என் போனில் இருக்கிறது. “அண்ணே, சாமி மாடத்துப் படத்த நடுவுல வைக்காம ஓரத்துல வச்சீக பாருங்க, அது ரொம்பச் சரி. ஆனா பூவோட நெழல் இங்குட்டு விழுது, போட்டோவோட நெழல் அங்குட்டு விழுது. உங்க நாச்சியாபுரத்துல ரெண்டு சூரியனா?” நிழலைத் திருப்பும் வித்தை எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. நிழல் தப்பாக விழுகிறது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நாம் இருவரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

நீங்கள் என்னைவிட இரண்டு வயது இளையவர். “ஆச்சின்னு கூப்புடாதீகண்ணே, என்னையக் கெழவியாக்குறீக” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். செட்டியார் வீட்டு அம்மாவை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் உங்களை ஆச்சி என்க, நீங்கள் என்னை அண்ணே என்க, இரண்டு பேரும் அடுத்தவரைப் பெரியவராக்கியே நாலு வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

அந்தத் தரைப் பக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் கடையில் தனியாகச் சிரிக்கிறேன். புனேயில் இருக்கிற மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பக்கம் போட வேண்டும், பின்னால் விரிக்கிற தாள் நம் ஊராக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எங்கள் கூடத்துத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஒன்றின் மேல் நின்று குனிந்து போட்டோ எடுத்தேன். அந்த ஒரு கல்லை வரிசைக்கு நாலாக நாலு வரிசை அடுக்கினால் அச்சு அசலாக எங்கள் வீட்டுக் கூடம். அதன்மேல் மகள் தவழ்ந்த படம், நடந்த படம், கல்யாணப் படம். அன்றைக்கு மட்டும் முன்னுரை எழுதாமல் அனுப்பினேன். அவ்வளவு திருப்தி.

நம் குழுவின் கழனிவாசல் டீச்சர் சட்டப்படி குறிப்பாகத்தான் கேட்டார். “கல்லுக்குக் கல்லு மூலையில ஒரு ரோஜா மொக்கு வருதே, அது ஆத்தங்குடியில புது டிசைனா?”

பெரிதாக்கிப் பார்த்தேன். என் கால் கட்டைவிரல். நகத்தோடு. பதினாறு கல்லுக்குப் பதினாறு விரல், என் மகள் கல்யாணப் படத்தைச் சுற்றி.

பக்கத்தை அழித்தேன். குழுவைவிட்டும் வெளியேறினேன். இருந்த கோபத்தில் கம்ப்யூட்டரிலிருந்த அத்தனை பக்கங்களையும் அழித்திருப்பேன், அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது. இந்த வயதில் இந்த விளையாட்டு நமக்கு வேண்டாம் என்று உறுதியாக முடிவெடுத்துவிட்டேன் ஆச்சி. அது வீம்பில்லை. உண்மையாகவே அவமானமாக இருந்தது.

மறுநாள் காலையில் கடை வாசலில் நீங்கள். அதற்கு முன் இரண்டு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறோம். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், “நகவெட்டி இருக்காண்ணே?” என்று கேட்டீர்கள். நானும் ஒன்றும் தோன்றாமல் எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எனக்கில்ல, உங்களுக்குத்தான். பதினாறு நகத்தையும் இன்னைக்கே வெட்டிருங்க” என்றீர்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடித்து நீங்கள் சொன்னதுதான் என்னை நிறுத்தி வைத்தது. நான் அழிக்கும் முன்பே அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்திருந்தீர்கள். போனில் அதைக் காட்டி, “வெரல் இல்லாட்டி இது யாரு வேணும்னாலும் எடுத்த கல்லுண்ணே. வெரல் இருக்கப் போயித்தான் இது உங்க வீட்டுத் தரை. பதினஞ்ச எடுத்துருங்க. ஒண்ண விட்டுருங்க” என்றீர்கள்.

அப்படியே செய்தேன், குழுவிலும் திரும்பச் சேர்ந்தேன். புத்தகத்தின் முதல் வருஷப் பதிப்பில் அந்தப் பக்கம் இருக்கிறது. மகள் போன் செய்து, “அப்பா, கீழ மூலையில உங்க காலுதானே?” என்று கேட்டவள், உடனே அவள் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். வீட்டுக்காரி அன்றிலிருந்து பூவையும் ரிப்பனையும் பற்றிக் கேட்பதில்லை.

ஆனால் உங்கள் பக்கம்? நாலு வருஷத்தில் குழுவுக்கு நீங்கள் அனுப்பியது மூன்று. ஒரு தேர், ஒரு காதுகுத்து, ஒரு மழைநாள். மூன்றிலும் நீங்கள் இல்லை. வருஷப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் என்றால், “எனக்குள்ளத புதுசா வந்தவுகளுக்குக் குடுங்க. எனக்குக் கை வராதுண்ணே, நான் பாக்குறவ” என்பீர்கள். நாங்களும் சரி என்றோம். எங்கள் ஒவ்வொருவரிடமும் குறைந்தது பத்துத் தடவை ‘எது நல்லாருக்கு’ என்று எடுத்துச் சொன்ன உங்களிடம், நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்று நாங்கள் யாரும் ஒரு தடவைகூட அழுத்திக் கேட்கவில்லை. பிறகு மூன்று மாதம் மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தீர்கள். தை பிறப்பதற்குள் போய்விட்டீர்கள்.

இன்று ‘சும்மா’ என்று பெயர் போட்ட ஒரு கோப்புறையைத் திறந்தேன். உள்ளே ஒரே பக்கம், ஒன்பது தடவை போட்டது.

ஒன்பதாவதற்குத்தான் ‘கடைசி’ என்று பெயர் வைத்திருந்தீர்கள். அதை முதலில் பார்த்தேன். ‘கல்லூரி நாட்கள்’ என்று தலைப்பு. ஒரு பூப்பந்து மட்டை, ஒரு வெற்றிக் கோப்பை, மல்லிகைச் சரம், ரிப்பன். நிழல் எல்லாம் ஒழுங்காக ஒரே பக்கம் விழுந்திருந்தது. நான் சொல்லாமலேயே அந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். நல்ல பக்கம்தான், இதையே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கீழே வலது மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு முகம் மல்லிகைக்குப் பின்னால் பாதி மறைந்திருந்ததைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன்.

சந்தேகம் வந்து மற்றவற்றையும் திறந்தேன். எட்டாவதில் அந்த முகம் இன்னும் கொஞ்சம் பெரிது. ஆறாவதில் கழுத்து வரை தெரிகிறது. நாலாவதில் பக்கத்தில் பாதி. முதலாவதைத் திறந்தால், பக்கம் முழுவதும் நீங்கள்தான் ஆச்சி. தாவணியை இழுத்து இடுப்பில் செருகி, கான்வாஸ் ஷூ போட்டு, தோளில் மட்டை, கக்கத்தில் கோப்பை, உள்நாக்குத் தெரிகிற அளவுக்கு ஒரு சிரிப்பு. பூ இல்லை, ரிப்பன் இல்லை. கீழே ஒரே வார்த்தை. ‘நான்தான்.’

அதைச் செய்த தேதியைப் பார்த்தேன். நீங்கள் நகவெட்டி கேட்டு வந்த அதே வாரம். கடைசிப் பக்கம், மதுரைக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பு. எங்களையெல்லாம் தட்டிக்கொடுத்துக்கொண்டே நடுவில் மூன்று வருஷம் உங்களை நீங்களே கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கி வந்திருக்கிறீர்கள். முகத்தை மறைத்துப் பக்கத்தை அழகாக்குகிறோம் என்று நினைத்திருப்பீர்கள். எனக்குத் தெரியாதா அந்த வேலை. நான் முன்னுரையில் செய்ததை நீங்கள் படத்தில் செய்தீர்கள்.

எனக்கு அழுகை வந்தது, உங்கள்மேல் கோபமும் வந்தது. அப்புறம் பயம். நீங்களே கையெழுத்துப் போட்டதுபோல ‘கடைசி’ என்று எழுதி வைத்திருக்கிறபோது வேறொன்றை எடுத்துக் கொடுக்க நான் யார்? நம் குழுவில் இருக்கிற ஸ்டுடியோக்காரருக்குப் போன் செய்து கேட்டேன். “கடைசின்னு அவுகளே பேரு வச்சிருக்காகல்ல. அவுக விருப்பம் அதானேண்ணே?” என்றார். நியாயமான கேள்வி. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. ஒன்பதையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாலு மணிக்கு அவருக்கே திருப்பிப் போன் செய்தேன். “விருப்பம் முதல் பக்கத்துல இருக்குங்க. மத்ததெல்லாம் கூச்சம்” என்றேன்.

உங்கள் மகனிடம் சொல்லாமல் கொடுக்கக்கூடாது என்று அவனுக்கு முதலாவதையும் கடைசியையும் அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். “இது அம்மாவா மாமா? அம்மா வெளாண்டாகளா? எங்ககிட்டச் சொன்னதே இல்லையே.” பிறகு, “பெரிசா இருக்கதையே போடுங்க மாமா” என்றான்.

குழுவுக்கும் அனுப்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை, முன்னுரை எழுதவில்லை. உங்கள் சட்டத்தை யாரும் மீறவில்லை. கழனிவாசல் டீச்சர், “இடது கால் ஷூவுல கயிறு அவுந்து கெடக்கு. ஜெயிச்ச சந்தோஷத்துல அதக்கூடக் கவனிக்கல” என்று எழுதினார். ஸ்டுடியோக்காரர், “கோப்பையப் பிடிச்சிருக்க கையில வெரல் எல்லாம் வெளுத்திருக்கு. யாரும் பிடுங்கிருவாகளோன்னு அவ்வளவு இறுக்கம்” என்று எழுதினார். எனக்குப் பட்டதை நானும் எழுதினேன். ‘நான்’ என்று மட்டும் எழுதியிருந்தாலும் போதும், நீங்கள் ‘தான்’ சேர்த்தீர்கள், அதுதான் நல்லாருக்கு என்று எழுதினேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்பென்றால் அந்தத் தப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். மனசு நிறைவாகத்தான் இருக்கிறது.

இன்று மாலையிலிருந்து எனக்கு ஒரு வேலை சேர்ந்திருக்கிறது ஆச்சி, இனி விடுவதாக இல்லை. குழுவில் அடுத்தவர் பக்கத்தை அதிகமாகப் பாராட்டுகிற ஆள் யார் என்று பார்க்கிறேன். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க பக்கம் எங்க? அனுப்புங்க” என்கிறேன். கழனிவாசல் டீச்சர் முதலில் மழுப்பினார், நான் போனை வைக்கவில்லை. உங்களிடம் கேட்காமல் விட்டதை அவரிடம் கேட்டேன்.