வெளியில் விட்ட மூட்டைப்பூச்சிகள்

செவ்வாய், பௌர்ணமிப் போயா தினம்

நான் வேலை செய்யும் கண்டக்குழி விடுதிக்குத் தியானம் செய்ய வந்த கொழும்புச் சீமாட்டி, நோனாவின் கட்டிலில் மூட்டைப்பூச்சி. மருந்து அடிக்கப் போன என்னை அவர் தடுத்தார்.

"கொல்ல வேணாம், பாவம். நான் எல்லாத்தையும் கிளாஸ்ல பிடிச்சு வெளியில விட்டிட்டன்."

"எங்க நோனா?"

"பின்னால, அந்தப் பழைய அறைக்கிட்ட."

அது நானும் மகளும் படுக்கும் அறை. சொன்னேன். அவர் முகம் சற்று மாறியது. பிறகு, "அதுகளும் உயிர்தானே" என்றார். பக்கத்தில் நின்ற முதலாளியும் தலையாட்டினார்.

மகளின் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்திருக்கிறது. மஃரிப் தொழுதபின் பாயை உதறி, ஒவ்வொன்றாக நசுக்கினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாவமில்லையா உம்மா?"

"ஓம்," என்றேன். "அந்தப் பாவத்தையும் நோனா நமக்குத்தான் விட்டிருக்கிறா."