சட்டையை மாட்ட வைக்கும் சொல்

"எந்த வார்த்த வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்த என் அண்ணிக்கு,

விழுப்புரத்தில்தான் இருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே. உள்ளே என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, இருக்கிறார். போகும்போது கழற்றிக் கொடுத்த சட்டை என் மடியில் கிடக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கால் விரலில் புண், அண்ணி. சர்க்கரைக்காரருக்குக் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டை விரலை எடுத்தே ஆக வேண்டுமாம். அதற்கு மேலே பரவியிருக்கிறதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். பரவியிருந்தால் பாதமே போய்விடும். அதற்கும் சேர்த்துத்தான் என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

திண்டிவனம் கடையில் நாள் முழுக்க வெறுங்காலோடு உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். எப்போது எது குத்தியது என்று அவருக்கே தெரியவில்லை. என்னிடம் காட்டிக்கொடுத்தது சாக்ஸ்தான். இந்த வெயிலில், வீட்டுக்குள், படுக்கும்போதும் ஒரு மனுஷன் சாக்ஸோடு நடமாடினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கால் சில்லென்று இருக்கிறதாம். பக்கத்தில் போனபோது வாடை அடித்தது.

நீங்கள் இருந்திருந்தால் நான் தோட்டத்துப் பக்கம் போய் உங்களுக்குப் போன் போட்டிருப்பேன். அடுத்த நிமிஷம் அவர் போன் அடித்திருக்கும். நீங்கள் அவரைப் பிடுங்கி எடுக்க, நான் அடுப்படியிலிருந்து, பாவம், அண்ணிக்கு வேறு வேலையில்லை என்று அவருக்குப் பரிந்து பேசியிருப்பேன். நச்சரிக்காத பொண்டாட்டி என்ற நல்ல பேர் எனக்கு. கெட்ட பேரெல்லாம் உங்களுக்கு. இப்படி வேலையைப் பிரித்துக் கொடுத்ததே நீங்கள்தானே! "நான் கூடப் பொறந்தவ, திட்டுனா திட்டிட்டுப் போறான். நீ அவன்கூட ஒரே வூட்ல குடித்தனம் பண்ணணும்" என்பீர்கள்.

அப்புறம் திரும்பக் கூப்பிட்டு, எந்த வார்த்தை வந்தது என்று கேட்பீர்கள். அகராதியில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்தான் போட்டிருக்கும். அவர் வாயில் அவை வேறு வேறு என்பது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். 'தொந்தரவு' என்றால் காதிலேயே வாங்கவில்லை. 'நச்சரிப்பு' என்றால் காதில் விழுந்துவிட்டது, யோசிக்கிறார். 'பேஜாரு' என்றால் கோபம், அன்றைக்கு அவர் பக்கம் போகக் கூடாது. 'ரோதனை' வந்துவிட்டால், சொல்லும்போதே கை ஆணியில் தொங்கும் சட்டைக்குப் போய்விடும். கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டது, பல்லைப் பிடுங்கியது எல்லாமே ரோதனையில்தான். ரோதனை வந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகுதான் நீங்கள் காப்பி போடவே எழுந்து போவீர்கள்.

போன தை மாதம் நீங்கள் போனதிலிருந்து அந்தச் சொல் எங்கள் வீட்டில் கேட்கவில்லை.

உங்கள் நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை. அதை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். இன்று காலை இனி யாருக்கும் போன் போட முடியாது என்று உறைத்தது. நானே ஆரம்பித்தேன். நீங்கள் கத்தமாட்டீர்கள். ஊர்க் கதைக்கு நடுவில் அதே கேள்வியை அதே குரலில் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். அப்படியே செய்தேன். சட்னி போதுமா என்றேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றேன். மழை வரும்போல இருக்கிறதே என்றேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றேன்.

தொந்தரவு பண்ணாதே என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அடுத்த தோசைக்கு நச்சரிப்பு வந்தது. வலிக்கவே இல்லை, அப்புறம் என்ன என்றும் கேட்டார். வலி தெரியவில்லை என்பதுதானே அண்ணி பயமே. நான் விடவில்லை. பேஜாரு வந்தது, தட்டைத் தள்ளிவிட்டார். அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரே போய் உட்கார்ந்து மறுபடியும் அதையே கேட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். "அக்காவுக்கு எடுத்துக் குடுத்துக்கினு இருந்தது நீதான்னு எனக்குத் தெரியாதா? அவ போய்ச் சேந்துட்டா. இப்ப நீயே நேரா வந்துட்டியா?"

எத்தனை வருஷமாகத் தெரியும் அவருக்கு? அவருக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியுமா?

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றேன். குனிந்து சாக்ஸைக் கழற்றினார். விரல் கறுத்துப் போயிருந்தது. அவரும் அதை அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தார் போலிருக்கிறது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து சட்டையை மாட்டினார்.

அதுதான் எனக்குப் பயம். ரோதனை என்று சொல்லாமல் அவர் ஆஸ்பத்திரிக்குச் சட்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் கார் நின்றுகொண்டே இருந்தது. எப்போதும் டிரைவரை ஒரு வழி பண்ணுகிறவர் வாயே திறக்கவில்லை. வைய மாட்டாரா என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கதவு திறக்கிறது. வைக்கிறேன்.

அண்ணி, விரலோடு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பாதத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்தது. அந்த டாக்டர் எதிரிலேயே அழுதேன்.

உங்கள் தம்பியை வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே மரத்திருக்கிறது, நினைவு நன்றாக இருக்கிறது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். குளிருகிறதா என்றேன். காலில் உணர்ச்சி வந்ததா என்றேன். ஃபேனைக் குறைக்கட்டுமா என்றேன். காலில் உணர்ச்சி வந்ததா என்றேன்.

"உன்னோட ஒரே ரோதனையாப் போச்சு" என்றார். முகம் திரும்பவில்லை. கை மட்டும் என் மடியில் இருந்த சட்டையைத் தேடி வந்தது.

இனி தினமும் அவர் காலைப் பிடித்துப் பார்ப்பேன், அண்ணி. என்ன பேர் வைத்தாலும் வைக்கட்டும், விடமாட்டேன். எந்த வார்த்தை வந்தது என்று உங்களுக்கும் சொல்லிவிடுவேன். நீங்கள் காப்பி போடப் போகலாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பிக்கு வாய்த்த புது ரோதனை,
கௌசல்யா