உன் வண்டி நின்ற வளைவு

இன்று காலை புது வண்டியின் சாவியைத் திருகியதும் அது இருமிக்கொண்டு கிளம்பியது. எதிர் வீட்டு நாய் குரைத்தது. ஏழு வருடமாக உன் வண்டியில் சத்தமில்லாமல் தெருவைக் கடந்து போனவளுக்கு, இந்த இரைச்சல் யாரோ அதட்டுகிற மாதிரி இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் வண்டி இப்போது என்னிடம் இல்லை. அதை உனக்குச் சொல்லாமல் இந்த வண்டியை ஓட்ட முடியாது போலிருக்கிறது.

கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் ஓட்டிய காரைத்தான் நீ பழசாக வாங்கியிருந்தாய். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும் என்று நீ சொன்னபோது மலைமேல் நம் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் நம்பவில்லை. "அப்ப செல்போன் மாதிரி தெனமும் சொருகி வைக்கணுமா டீச்சர்?" என்று கணக்கு சார் கேட்டார். "தேவையில்ல சார். மலையில இறங்குறப்ப அதுவே சார்ஜ் ஏத்திக்கிரும்" என்றாய், நீயே செய்து வைத்தது போன்ற பெருமையோடு. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் சிறுமலை பஸ்ஸுக்காக நாம் இருவரும் கால் கடுக்க நின்ற காலம் அன்றோடு முடிந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் நீ ஓட்டுவாய், நான் பயந்து கத்துவேன். "வண்டிதான் சத்தமே போடாதுல்ல, அதுக்கும் சேத்து நீ போடுறியாக்கும்" என்பாய்.

பிறகு உனக்கு நோய் வந்தது. மதுரைக்குப் போய்வந்த அந்தப் பதினோரு மாதமும் நான் ஓட்டினேன், நீ பின் சீட்டில் படுத்திருந்தாய். சித்திரை வெயிலிலும் உனக்குக் குளிரும். பழுப்பு நிறக் கம்பளி ஒன்றைக் கழுத்து வரை இழுத்துக்கொள்வாய். கடைசியில் வண்டியை என் பேருக்கே மாற்றிக் கொடுத்தாய். "ஏடி, ஓடுற வரைக்கும் ஓட்டுடி. வித்துறாத."

நீ போன பிறகும் விற்கவில்லை. ஆனால் அந்தக் கம்பளியையும் எடுக்கவில்லை. நீ எழுந்து இறங்கியபோது அது எப்படிச் சுருண்டு கிடந்ததோ அப்படியே விட்டுவைத்தேன், இரண்டு வருடம். பின் சீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை. மலைப்பாதையில் ஆட்கள் கைகாட்டுவார்கள். பார்க்காத மாதிரி போய்விடுவேன்.

போன மாதம் ஒரு நாள் மதியம், எங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மா செல்விக்கு வலி எடுத்துவிட்டது. தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருந்தது. அவளுடைய மாமியார் பள்ளிக்கூட வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். "டீச்சரம்மா, உங்க வண்டிதான் தெய்வம்!"

செல்வியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். நான் பின் கதவைத் திறந்தேன். கம்பளியைப் பார்த்தேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடிதான், முன் சீட்டில் உட்கார முடியுமா என்று அவளிடம் கேட்க வாய் திறந்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு அடங்கியது. கம்பளியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவளையும் மாமியாரையும் ஏற்றினேன். இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

டாஷ்போர்டில் சிவப்பு முக்கோண விளக்கு அதற்கு முந்தின வாரமே இரண்டு முறை எரிந்திருந்தது. அணைத்துப் போட்டால் போய்விடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். அன்று பாதி மலை இறங்கியதும் மறுபடி எரிந்தது. அடுத்த வளைவில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து, வண்டி செத்துப்போனது. ஸ்டீயரிங் திரும்ப மறுத்தது. பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து, பாறை ஓரமாகச் சாய்த்து நிறுத்தினேன்.

பட்டனை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். போனில் சிக்னல் இல்லை. பின்னால் செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். "ஏன் டீச்சரம்மா நிப்பாட்டிட்டீங்க? ஏன் நிப்பாட்டிட்டீங்க?" என்று அவள் மாமியார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் வண்டியைப் பார்த்துக் கெஞ்சினேன். உன்னைப் பார்த்தும் கெஞ்சினேன். அதன் பிறகு உன்னை வைதேன். எதற்கு என்னிடம் இதைக் கொடுத்துவிட்டுப் போனாய் என்று நடுரோட்டில் நின்று கத்தினேன்.

எவ்வளவு நேரம் ஆனதோ, மேலிருந்து வாழைத்தார் ஏற்றிய வேன் ஒன்று வந்தது. குறுக்கே போய் நின்றேன். டிரைவர் எட்டிப் பார்த்தார், உடனே இறங்கினார். தார்களையெல்லாம் ரோட்டோரம் இறக்கிப் போட்டார். "தாரு கெடந்தா கெடக்குக்கா, புள்ளய ஏத்துங்க மொதல்ல." செல்வியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினேன். பெரியாஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பெண். பிறந்து கொஞ்ச நேரம் அழவே இல்லை. நான்கு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள்தான் அம்மாவிடம் கொடுத்தார்கள்.

வண்டியைத் தாடிக்கொம்பு ரோட்டில் உள்ள காதர் பாய் பட்டறைக்கு இழுத்து வந்தோம். அவர் பின் சீட்டின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன வலையைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு, பழுப்புப் பஞ்சு ஒரு கை உருண்டை எடுத்தார்.

"டீச்சர், பேட்டரி சூடு தணியக் காத்து இதுக்குள்ளதான் போகணும். இது மேல என்னத்தப் போட்டு வச்சிருந்தீங்க?"

"ஒரு போர்வை."

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு வருசமா."

பாய் பஞ்சைக் கீழே போட்டார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். பேட்டரி மூச்சு முட்டி வெந்துபோய்விட்டது என்பது எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது.

"ஏதாச்சும் பண்ணுங்க பாய். எத்தன நாளானாலும் இருக்கேன்" என்றேன். கம்பெனியில் கேட்டதற்கு, புதுப் பேட்டரி இந்த மாடலுக்கு இனி வராது என்றார்கள். பாய் கொச்சியில் சொல்லிவைத்துப் பழையது ஒன்றை வாங்கி மாட்டினார். இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் பைபாஸில் நின்றது. மலைப் பேருந்தைத் தவறவிட்டுத் தவறவிட்டு, பிரேயர் முடிந்த பிறகு பள்ளிக்குள் நுழைந்தேன். ஹெச்.எம். என்னை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மத்தியானம் பட்டறைக்குப் போய், கதவையெல்லாம் சாத்திக்கொண்டு உன் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. பாய் கண்ணாடியைத் தட்டினார்.

"வெளிய வாங்க டீச்சர். இனி இத நோண்டுனா நான் உங்கள ஏமாத்துறேன்னு அர்த்தம்."

உன் அண்ணனுக்குப் போன் செய்து அழுதேன். அவர், "வண்டிக்கு அழுவுறியா, அவளுக்கு அழுவுறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் வண்டியைப் பழைய இரும்புக்கு உடைக்கக் கொடுத்தேன். ஓட்டிக்கொண்டு போகக்கூட இல்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். போர்வையைத் துவைக்காமல் அதற்குள்ளேயே வைத்து அனுப்பிவிட்டேன். பாயே ஒரு பழைய சின்ன பெட்ரோல் வண்டி பிடித்துக் கொடுத்தார்.

இன்று அதில் முதல்முறையாக மலை ஏறினேன். பள்ளி விட்டதும் செல்வி வீட்டுக்குப் போனேன், மன்னிப்புக் கேட்கத்தான். வாயைத் திறக்கவே அவள் விடவில்லை. "புள்ளைக்கு ஊசி போடணும் டீச்சர், கீழ கொண்டுபோய் விடுறீங்களா?" என்றாள். அந்த வண்டி நின்றதைப் பார்த்தவள், மறுபடியும் என்னிடமே பிள்ளையைக் கொண்டுவந்து ஏறுகிறாள்! இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். உன் வண்டி நின்ற வளைவு வந்தபோது எனக்குக் கண்ணீர் மறைத்தது. பிள்ளை வழி முழுக்க வீறிட்டுக்கொண்டே வந்தது. அழட்டும் என்றிருந்தது எனக்கு, நன்றாக அழட்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். காலி சீட்டு. உன் இடம் என்று சொல்ல இனி எந்த இடமும் இல்லை. நான் என் கையாலேயே அதை இல்லாமல் செய்துவிட்டேன். இந்த ஊரில் என்னை டீச்சர் என்று கூப்பிட ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். அக்கா என்கிறார்கள், அம்மா என்கிறார்கள். 'ஏடி' என்று கூப்பிட நீ ஒருத்திதான் இருந்தாய். ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அந்த ஒரு சொல்லை நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். உன் குரலில்தான் வந்தது.