துவக்குக்கு வைத்த புதுக் கண்

என் நெஞ்சுக்குள் இன்னும் நடமாடுகிற அம்மாவுக்கு,

அப்பா தூங்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். இருமல் நின்று வெகுநேரம் ஆகிறது. போர்வைக்குள் டோர்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெளிச்சம் கதவுக்குக் கீழால் போய்விடுமோ என்று போர்வையை இழுத்து இழுத்து மூடிக்கொள்கிறேன். நீ போன பிறகு இந்த வீட்டில் யாரும் உன் பேச்சை எடுப்பதில்லை. எழுதுவதும் பேசுவது மாதிரித்தானே, அம்மா?

மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து பனி ஏறி வந்து கொக்கோ மரங்களுக்குள் நிற்கிறது. விடியற்காலையில் ஜன்னலால் பார்த்தால் மரங்கள் தெரியாது, காய்கள் மட்டும் சிவப்புச் சிவப்பாக மிதக்கும். அதற்குள் நீ கூடையோடு நடந்து வருவாய் என்று எனக்குத் தோன்றும். நீ இருக்கிற இடத்திலும் இப்படித்தான் பனி வருமா?

எனக்கு எதில் பயம் என்று சொல்கிறேன். நீ கடைசியாகக் கிடந்த அன்றைக்கு வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அப்பா கண்டியில், கந்தோர் வேலையில். அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசியில் நீ என்ன சொன்னாய் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. உன்னைப் பற்றி நான் ஒரு சொல் எடுத்தால் போதும், அந்தக் கேள்வி வந்துவிடும். அது வந்தால் அவர் முகம் என்ன ஆகும்? அதனால்தான் நான் ஒன்றுமே பேசாமல் இருந்தேன்.

நீ இல்லாதது மலை அணில்களுக்குத் தெரிந்துவிட்டது. பூனையளவு பெரிய அணில்கள், வந்து காய்களைத் துளைத்துவிட்டுப் போயின. அப்பா அலுமாரியைத் திறந்து உன் துவக்கை எடுத்தார். தாத்தாவுக்கு அவருடைய வெள்ளைக்காரத் துரை கொடுத்துவிட்டுப் போன அந்தச் சின்ன ரைபிள்தான். லீவரைக் கீழே இழுத்து மேலே தள்ளினார். உன் கை பட்டால் வருகிற அதே சத்தம் வந்தது. நான் குசினிக்குள் ஓடிப்போய் நின்றேன்.

நம் தோட்டம் ஒரு பள்ளம் அல்லவா? இந்தக் கரையில் நம் குசினி, எதிர்க் கரையில் நம் சிங்கள அயல்வீட்டு மெனிக்கே அக்காவின் கிணறு. அப்பா காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் குசினி வாசலில் நின்று, நேரே தெரிகிற மர உச்சியில் இருந்த அணிலைச் சுட்டார். அணில் போய்விட்டது. எதிர்க் கரையில் தகரம் அடிபட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மெனிக்கே அக்கா தன் வாளியைத் தூக்கிக்கொண்டு சுற்றுவழியாக வந்தார். வாளியில் ஒரு ஓட்டை. ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை. வாளியைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்றிலிருந்து கிணற்றுக்கு வராமல் ரோட்டுக் குழாய்க்குப் போகத் தொடங்கினார். அப்பா அன்றைக்குக் கந்தோருக்குப் போகவில்லை. படியில் உட்கார்ந்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் கண்ணில்தான் பிழை என்று அப்பா முடிவு செய்தார். என்னையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய், துவக்குத் திருத்துகிற முஸ்லிம் நானாவின் கடையில் லைசன்ஸைக் காட்டி, ரைபிளை மேசையில் வைத்தார். குழலின் நடுவில் குறிபார்க்க ஒரு வெட்டு, நுனியில் ஒரு மணி, அதற்கப்பால் அணில், மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியவில்லை என்றார்.

நானா சிரித்தார். “நாப்பது தாண்டினா எல்லாருக்கும் அப்படித்தான் அண்ணே. கண்ணாடிக் கடைக்காரன் ஒங்க மூக்குல ஒண்ண மாட்டி அனுப்புவான். நான் துவக்குக்கே மாட்டி விடுறேன்.”

வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் இது. ஊருக்குப் போய்விட்ட யாரோ ஒரு துரையின் உடைந்த ரைபிளிலிருந்து கழற்றி வைத்திருந்த துண்டு ஒன்றை நானா எடுத்தார். நடுவில் ஓட்டையுள்ள ஒரு சின்ன வளையம், அவ்வளவுதான். அதைக் குழலில் வைக்காமல் பின்னால், கண்ணுக்குக் கிட்ட, வைக்க வேண்டுமாம். “வளையத்தப் பாக்காதீங்க. அதுக்குள்ளால மணியப் பாருங்க. மத்ததக் கண்ணே பாத்துக்கும்” என்றார்.

துண்டை என் கையிலும் தந்தார். கண்ணருகே பிடித்துத் தெருவைப் பார்த்தேன். வளையம் புகை மாதிரிக் கரைந்து காணாமல் போயிற்று. பஸ், குடைகள், பூக்காரி எல்லாம் மெதுவாகத் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி இருந்தன. அந்தக் கூட்டத்தில் பச்சைச் சேலையோடு ஒருத்தி போனாள். நீயில்லை என்று தெரிந்தும் அவள் மறையும்வரை துண்டைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

துவக்கைக் கடையில் விட்டுவிட்டு வந்து, பிறகு போய் எடுத்தோம். இரும்பில் இரண்டு துளை போட்டு வளையத்தை முடுக்கியிருந்தார். நுனியில் பழைய கறுப்பு மணிக்குப் பதிலாகப் பளபளக்கும் பித்தளை மணி. கழற்றிய உன் பழைய வெட்டை நானா பேப்பரில் சுற்றித் தந்தார். அப்பா அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கட்டையில் உன் கன்னம் பட்டு வார்னிஷ் போன இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

இன்றைக்குப் போயா விடுமுறைக்கு முதல் நாள், அரை நாள் வேலை. அப்பா மத்தியானமே வந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டிய சுவரில் ஒரு பலகையைச் சாத்தி, கரியால் வட்டம் போட்டார். பிறகு சுற்றுவழியாகப் போய் மெனிக்கே அக்காவைக் கூட்டிவந்து, தனக்குப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னார். இதிலும் குறி பிழைத்தால் போயா முடிந்ததும் துவக்கைப் பொலிஸில் கொடுத்துவிடுவேன் என்று எங்கள் இருவருக்கும் சொன்னார்.

முதல் தோட்டாக்கள் இடது பக்கம் போயின. அப்பா முன்மணியை வலது பக்கம் தட்டிவிட்டார். அடுத்தவை இன்னும் இடது பக்கம் போயின. தோட்டா எந்தப் பக்கம் விலகுகிறதோ நுனி மணியையும் அந்தப் பக்கமேதான் நகர்த்த வேண்டும் என்று நானா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஞாபகம் வந்ததும் அப்பா தலையில் அடித்துக்கொண்டு, மணியைத் திருப்பி இடது பக்கம் தட்டினார். அதன்பின் ஒவ்வொன்றும் வட்டத்துக்குள் பட்டது, அம்மா. ஒன்றன்மேல் ஒன்றாக. நீ போன பிறகு அவர் சிரித்து நான் இன்றைக்குத்தான் பார்த்தேன்.

மெனிக்கே அக்கா பலகையைக் கிட்டப் போய்ப் பார்த்தார், விரலால் தடவினார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் அமைதியாகக் கேட்டார்.

“நல்லம் மாத்தயா. ஆனா அணில் பலகைக்கு முன்னுக்கு வந்து இருக்குமா?”

அப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. குசினி வாசலுக்குப் போய் நின்று, வளையத்துக்குள்ளால் மர உச்சியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மர உச்சிக்குப் பின்னால் கிணறும் கயிறும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். துவக்கைத் தாழ்த்திவிட்டார். “சரி, குடுத்திருவோம்” என்று தனக்குள்ளே சொல்வது போலச் சொன்னார்.

நீ எங்கே நின்று சுடுவாய் என்று எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? புத்தரின் நாளான போயாவில் வெடிச்சத்தம் கேட்டால் மெனிக்கே அக்கா வீட்டாருக்கு மனம் நோகும் என்று நீ துவக்கைத் தொடமாட்டாய். விடுமுறையைப் போயாவுக்கு மாற்றுமுன், ஞாயிறு விடுமுறையாக இருந்த காலத்திலும் ஆண்டவரின் நாள் என்று தொடமாட்டாய். அப்பா வீட்டில் இருந்ததெல்லாம் அந்த நாட்களில்தான். நீ சுட்டதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததே இல்லை.

பேசாவிட்டால் துவக்கு போய்விடும். அல்லது அவர் மனம் மாறி, திரும்பவும் அந்த வாசலில் நின்று சுடுவார். பேசினால் அந்தக் கேள்வி வரும். பாவாடையைக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

“அம்மா இங்கேருந்து சுடுறதில்லப்பா” என்றேன்.

அவர் திரும்பவே இல்லை. “அப்ப எங்கேருந்து?”

“தோட்டத்துக்கு மேல இருக்கிற பாறையிலேருந்து. குப்புறப் படுத்துக்கிட்டு, கீழ பாத்து.”

“காத்து வாங்கத்தானே அங்க ஏறுறேன்னு சொன்னா?”

“ஒங்களுக்குப் பயமா இருக்கும்னு அப்படிச் சொன்னாங்க.”

மெனிக்கே அக்கா மெல்லச் சிரித்தார். உன்னை அவர் நோனா என்றுதானே சொல்வார். “அது எனக்கும் தெரியும். நோனா மேல ஏறினா நான் பயம் இல்லாம தண்ணி அள்ளுவேன்.” அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் வீட்டைப் பற்றி ஊருக்கெல்லாம் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்பது போன்ற பார்வை.

இருவரும் பாறையில் ஏறினோம். அப்பா வெள்ளைச் சட்டையோடு அப்படியே படுத்தார், நான் பக்கத்தில் படுத்தேன். கல் இன்னும் சுட்டது. அங்கேயிருந்து பார்த்தால் எந்த மரத்துக்குப் பின்னாலும் ஆளில்லை, வீடில்லை, சிவந்த மண்தான். காய்ந்து கறுத்த ஒரு காயைப் பார்த்து அப்பா சுட்டார். காய் தெறித்தது. அதற்குப் பின்னால் மண் கொஞ்சம் புகைந்து அடங்கியது. சற்று நேரத்தில் எதிர்க் கரையில் மெனிக்கே அக்காவின் கிணற்றுக் கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

அப்பா துவக்கை வெறுமையாக்கிப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பா? தேத்தண்ணி கொண்டு வருவாளா? தனியா இருக்கும்போது பாடுவாளா? நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அணிலைத் தவறவிட்டால் நீ அதற்கு நன்றி சொல்வாய் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், தூக்கத்தில் பாட்டுக் கேட்கிறவர் மாதிரி. வெயில் மேற்கே அந்தும்பைப் பக்கம் இறங்கிப்போனது.

பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார். கேள்வி அவர் உதடுவரை வந்துவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவர் கண்டிருக்க வேண்டும். “வா புள்ள, இருட்டுது” என்று எழுந்துவிட்டார்.

அம்மா, அன்றைக்கு நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். “இன்னிக்குப் போயாவா?” என்றாய். இல்லை என்றேன். கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுத் திரும்பவும் அதையே கேட்டாய். காய்ச்சலில் பிதற்றுகிறாய் என்றுதான் நினைத்தேன். யாருக்காகக் கேட்டாய் என்று இன்றைக்குப் பாறையில் படுத்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

விடிந்தால் போயா. அப்பா நாள் முழுக்க வீட்டில் இருப்பார். அவர் கேட்கும்வரை நான் காத்திருக்க மாட்டேன், அம்மா. காலைத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, அவர் கதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீ அவரைத்தான் தேடினாய் என்று சொல்லிவிடுவேன். அவர் அழுதால் எழுந்து ஓடமாட்டேன்.

பயத்தோடும் அன்போடும்,
உன் ஒரே மகள்
ரெஜினா