கூட்டத்தொடர் முடியட்டும்

மத்திய சிறை
29-6-2025

அன்புள்ள வக்கீலண்ணனுக்குக் கேசவன் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். நீங்களாவது நலமாக இருக்க வேண்டும்.

எம்.பி. ஆகி ஒரு வருஷம் ஓடிவிட்டது, இன்னும் வக்கீலண்ணன் என்றே எழுதுகிறானே என்று கோபிக்க வேண்டாம். அச்சரப்பாக்கத்தில் பஸ் ஏறி, கசங்கின கோட்டோடு செங்கல்பட்டு கோர்ட்டில் எனக்காக நின்ற ஜானகிராமன்தான் என் கண்ணில் நிற்கிறார். எங்கள் படகு ஏற்றும் கரையில் ரிசார்ட்காரன் சுவர் எழுப்பினதும், தகராறில் அவர்கள் காவலாளி விழுந்து செத்ததும், ஆயுள் தண்டனை என் தலையில் விடிந்ததும் ஊருக்கே தெரியும். அப்பீலில் உன் புருஷனை நானே வெளியே கொண்டுவருவேன் என்று என் பெண்டாட்டி வேண்டாவிடம் நீங்கள் சத்தியம் செய்ததும் தெரியும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் உங்கள் தேர்தலுக்குப் புதுப்பட்டினம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

அண்ணே, அவளுக்கு வயிற்றில் புற்றுநோய். ஆடி தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே லீவு கேட்டேன். அப்பீல் நிலுவையில் இருக்கிறது, ஐகோர்ட்டில் ஜாமீன் கேள் என்கிறார்கள். நம் ஜாமீன் மனு மார்ச்சில் உங்களுக்கு நாடாளுமன்றக் கூட்டத்தொடர் என்று வாய்தா ஆனது. ஆகஸ்டில் மறுபடி வருகிறதாம். அன்றைக்கு மட்டும் வந்து நில்லுங்கள். அவள் கண்மூடும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை.

தம்பி
கேசவன்


புது தில்லி
5-7-2025

அன்புத் தம்பி கேசவனுக்கு,

வேண்டாவின் செய்தியைப் படித்துவிட்டுச் சோறு இறங்கவில்லை. செங்கல்பட்டில் பெரிய டாக்டரிடம் பேசிவிட்டேன், நன்றாகக் கவனித்துக்கொள்வார்கள்.

இங்கே என்னைப் பார்த்தால் நீ சிரிப்பாய். இருபது வருஷத்துக்கு மேல் நீதிபதிகள் எதிரே நின்று பேசியவன், இங்கே ஐந்து நிமிஷம் தாண்டினால் மைக்கை அணைத்துவிடுகிறார்கள். ஆனாலும் கூலிக்காரன் மகன் அந்த மண்டபத்தில் உட்காருகிறான் என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. கடற்கரை மக்கள் உரிமை பற்றிப் பேச நேரம் கேட்டிருக்கிறேன். உன் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆகஸ்டில் நிச்சயம் வருவேன். காலையில் விமானம் ஏறினால் மதியம் கோர்ட்டில் நிற்கலாம். தைரியமாக இரு.

அண்ணன்
ஜானகிராமன்


மத்திய சிறை
8-8-2025

அன்புள்ள வக்கீலண்ணனுக்கு,

திங்கட்கிழமை வார்டர் வந்து, "யோவ், உன் வக்கீலு டிவில பேசிகினு கீறாருயா" என்று கூப்பிட்டார். ஓடினேன். என் பேரைச் சொன்னீர்கள். வேண்டாவின் நோயைக்கூடச் சொன்னீர்கள். பிளாக்கே கைதட்டியது. நானும்தான் தட்டினேன்.

மறுநாள் ஃபக்ருன்னிசா அம்மா வேறொரு கைதியைப் பார்க்க வந்தார். உங்களிடம் தொழில் கற்று இப்போது தனியாக நடத்துகிறாரே, அவர்தான். நீங்கள் டிவியில் பேசின அதே நாள், அதே நேரம், ஐகோர்ட்டில் நம் மனுவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வக்கீல் நாடாளுமன்றத்தில் இருக்கிறார் என்று உங்கள் ஜூனியர் எழுந்து வாய்தா கேட்டாராம். ஆறு வாரம் தள்ளிவிட்டார்கள். கைதட்டின என் கையை நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவசரம் என்று சொல்லி அடுத்த வாரமே மனுவை எடுக்கவைக்க முடியும் என்கிறார் அந்த அம்மா. வேறு வக்கீல் ஆஜராக வேண்டுமானால் பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தருவதுதான் வழக்கமாம். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் போட்டு அனுப்புங்கள் அண்ணே. வேண்டா போனில் இன்னும், "அவரு இருக்கசொல்ல நமக்கு இன்னா பயம்" என்றுதான் சொல்கிறாள். குரலே எழும்பவில்லை அவளுக்கு.

கேசவன்


புது தில்லி
14-8-2025

அன்புத் தம்பிக்கு,

உன் கோபம் நியாயம்தான். அன்றைக்குத்தான் பேச்சு என்று முதல் நாள் சாயங்காலம்தான் சொன்னார்கள். விட்டால் இன்னொரு முறை எப்போது கிடைக்குமோ தெரியாது. உன் பேர் அவைக்குறிப்பில் ஏறிவிட்டது. அதை யாராலும் அழிக்க முடியாது.

கையெழுத்துக் கேட்டதுதான் வலிக்கிறது. எம்.பி. ஆனதும் கேசவனைக் கைகழுவிவிட்டான் என்று ஊர் பேசாதா? உன் வழக்குதான் என்னை இங்கே கொண்டுவந்தது. அதை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த மாதம் 21ஆம் தேதி கூட்டத்தொடர் முடிகிறது. அடுத்த வாரமே அவசர மனுப் போட்டு நானே நிற்கிறேன். வேண்டாவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்.

அண்ணன்
ஜானகிராமன்


மத்திய சிறை
1-9-2025

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

சாவுக்கு மட்டும் போலீஸ் காவலோடு ஒரு நாள் என்னை வீட்டுக்கு விட்டார்கள். அங்கே உங்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சுற்றிலும் போலீஸ், உங்கள் கட்சிக்காரர்கள், போன் கேமரா. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே வேண்டா பொறுத்துத்தான் பார்த்தாள். கூட்டத்தொடர் முடிந்த மூன்றாம் நாள்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசி நாளில் தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம், "வக்கீலு அவர இட்டுகினு வந்துட்டாரா" என்று கேட்டாளாம். என் தங்கச்சி சொல்லி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

நீங்கள் அழுதீர்கள். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்ட காகிதத்தை நீட்டினீர்கள். என் கையில் விலங்கு இருந்தது. விலங்கு இல்லாவிட்டாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

அப்பீலை யார் நடத்தினாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் அந்த ஜாமீன் மனு இன்னும் உயிரோடு இருக்கிறது. நீங்கள் வாங்கின வாய்தா இந்த மாதம் பதினைந்தாம் தேதி முடிகிறது. அவள் பக்கத்தில் இருப்பதற்காகக் கேட்ட ஜாமீன், இனி எனக்கு வேண்டாம். மனுவை வாபஸ் வாங்க வக்கீல் எழுந்து சொன்னால் போதுமாம். அதற்காவது ஒரு நாள் கோர்ட்டுக்கு வாருங்கள்.

கேசவன்
ஆயுள் தண்டனைக் கைதி