கலை மேட்ச் பார்த்த வாரம்

பிப். 22, புதன்

வெயில். முதலில் ஒரு மானக்கேட்டை எழுதிவிடுகிறேன். ஆவடியில் எங்கள் பாக்டரி கிரவுண்டில் பதினோரு வருஷமாகக் கோடு போடுகிறேன். ஒரு புட்பால் மேட்ச்கூட முழுசாகப் பார்த்ததில்லை. புல் வெட்டுவேன், சுண்ணாம்புக் கோடு போடுவேன், வலை கட்டுவேன், கொடி நடுவேன். விசில் ஊதியதும் ஸ்டோர் ரூமில் பழைய வலை மேல் படுத்துத் தூங்கிவிடுவேன். யாராவது ஆப்சைடு என்றால் என்ன என்று கேட்டால், "அது ரெப்பரியப் பொறுத்தது" என்பேன். இதுவரை மாட்டவில்லை.

இன்று மாட்டினேன். கேட்டவள் என் மகள் கலை. வயது ஐந்து.

"நைனா, பந்தாட்டத்துல நீ இன்னா பண்ற?"

"நான் கோடு போட்டாத்தான் அவனுங்க ஆடவே முடியும்."

"அப்ப நீதான் பெரிய ஆளா?"

"பின்ன?"

ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. கொடுத்தபோது வீட்டுக்காரி ஜெயா குளித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

கோல் வலையில் எலி கடித்த ஓட்டை ஏழு. ஐந்தை முடிந்தேன்.

பிப். 23, வியாழன்

லீவு. மூன்று பேரும் ஆஸ்பத்திரி. கலைக்கு ஒன்பது மாத மருந்து இன்றோடு முடிந்தது. போன வருஷம் துரும்பாக இளைத்துப் போனாள். சாயங்காலம் ஆனால் காய்ச்சல், ஓயாத இருமல். பிரைமரி காம்ப்ளக்ஸ் என்றார்கள். நெஞ்சுப் படத்தில் மேகம் மாதிரி ஒன்று. இன்று எடுத்த படத்தில் மேகம் இல்லை.

டாக்டரம்மா சொன்னது: "இனிமே வீட்டுக்குள்ள வெச்சிப் பூட்டாதீங்க. வெயில்ல ஓடட்டும். ஜூன்ல ஸ்கூல்ல சேருங்க."

கலைக்கு ஒரே துக்கம். அந்த மாத்திரையால் அவளுக்கு ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலரில் போகும். அதில் பெரிய பெருமை. பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவைக் கூடக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். அக்கா நாகர்கோவில் பக்கம். "ஏம்பிள்ள, இதயுமா ஊரக் கூட்டிக் காட்டுவ?" என்று தலையில் அடித்துக்கொண்டு போனது. இனிமேல் எல்லாரையும் போலத்தான்.

ஜெ. (பேனாவில் மை குறைவு, இனி இப்படித்தான்) டாக்டரம்மா பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. ஒன்பது மாதமாக, ஆஸ்பத்திரியைத் தவிர, கலை எங்கள் குவாட்டர்ஸ் வாசற்படி தாண்டியதில்லை. தெருவில் பிள்ளைகள் ஆடுவதை ஜன்னல் கம்பிக்குள் மூக்கை விட்டுப் பார்ப்பாள். மூக்கில் துரு.

திரும்பும்போது பஸ்ஸில் மேட்ச் விஷயத்தைச் சொன்னேன். கூட்டத்தில் கத்தமாட்டாள் என்று ஒரு தைரியம். கத்தினாள்.

"இன்னாய்யா நெனச்சிகினு கீற? நீ கொட்ற சுண்ணாம்புத் தூளு காத்துல பறக்குமே, கொயந்த நெஞ்சுல போவாதா?"

கண்டக்டர்: "யம்மா, அண்ணாத்தய வூட்ல போய்த் திட்டு. வழிய வுடு, ஆளு எறங்கணும்."

வீடு வந்து சேர்ந்தோம். அரிசி களைந்துகொண்டே தீர்ப்பு சொன்னாள்: "கூட்டிகினு போ. வந்ததுலேர்ந்து ஒரு வாரம் பாப்பேன். நோவு திரும்பி இருமுனான்னா ஸ்கூலு அட்த்த வருசந்தான். வெளிய வுடறதும் அப்பத்தான். வாயத் தொறக்கக் கூடாது."

"யாரு, நானா அவளா?"

"ரெண்டு பேரும்."

பிப். 25, சனி

முதுகு போச்சு.

வழக்கமாக டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, சுண்ணாம்புத் தூளை உதிர்த்துக்கொண்டே நடப்பேன். ஒரு மணி நேர வேலை. தூள் பறக்கக் கூடாது என்பதால் இந்தத் தடவை தண்ணீரில் கரைத்து, வெள்ளையடிக்கிற மட்டையால் குனிந்து குனிந்து இழுத்தேன். காலை ஆறிலிருந்து மத்தியானம் மூன்று வரை. அந்தக் கிரவுண்டு எவ்வளவு பெரிசு என்று இன்றுதான் தெரிந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சுண்ணாம்பு கரைத்தால் கை தானாக நீலம் போடும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது போடுவோமே, அது. போட்டதே ஞாபகம் இல்லை, அப்புறம் அளவு எங்கே ஞாபகம். காய்ந்த பிறகு நிமிர்ந்து பார்த்தால் கிரவுண்டு முழுக்க இளநீலக் கோடு. நடு வட்டம் மட்டும் கொஞ்சம் கரு நீலம், அங்கே இரண்டு கோட்டிங்.

ஸ்போர்ட்ஸ் செகரட்டரி வந்தார். இடுப்பில் கை.

"என்னய்யா இது? கோடு போடச் சொன்னா வேட்டிக்கு நீலம் போட்டு வெச்சிருக்க?"

"கண்ணுக்குக் குளிர்ச்சி சார்."

"நாளைக்கு ஜி.எம். வர்றாரு!"

"அவருக்கும் கண்ணு கீது சார்."

திட்டினார். திரும்பப் போட நேரமில்லை என்று அவருக்கும் தெரியும். போய்விட்டார்.

பிப். 26, ஞாயிறு. மேட்ச்

சாயங்காலம் நாலு மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். ஜெ. கொடுத்தனுப்பிய சாமான்:

ஸ்வெட்டர் 1
மப்ளர் 1
வெந்நீர் பிளாஸ்க்
தைல டப்பா
கைக்குட்டை 3
பொரி ஒரு பொட்டலம்

ஆடுகிற இருபத்திரண்டு பேருக்கும் சேர்த்துக்கூட இவ்வளவு சாமான் இல்லை.

சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். தூசி வராத பக்கம் பார்த்து, மூலைக் கொடிக்குப் பக்கத்தில் புல்லில் இடம். பெயிண்ட் ஷாப்புக்கும் வெல்டிங் ஷாப்புக்கும் மேட்ச். குவாட்டர்ஸ் ஜனமெல்லாம் அங்கேதான். பின்னால் ஒரு கிழவர் தொடக்கத்திலிருந்தே ரெப்பரியைப் பிடித்துக்கொண்டார்: "நைனா, கண்ணாடிய வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா? ஆள வுட்டு எடுத்தாரச் சொல்லவா?"

கலை முதல் பத்து நிமிஷம் என்னோடு ஒட்டிக்கொண்டாள். என் சட்டையை முறுக்கிப் பிடித்திருந்தாள். இவ்வளவு ஜனத்தைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு கத்தலுக்கும் கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பிப் போகலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.

அப்போதுதான் எழுந்து நின்றாள்.

"நைனா! உன் கோட்ட அழிக்கறாங்க!"

ஆணி வைத்த பூட்ஸ். போகிறவன் வருகிறவன் எல்லாம் மிதித்துக் கோடு பிய்ந்துகொண்டிருந்தது. ஆட்டமே அதுதான் என்று நினைத்துவிட்டாள். பந்தை அவள் பார்க்கவே இல்லை. எவன் எந்தக் கோட்டை மிதித்தான் என்று கணக்கு வைத்துக்கொண்டு ஒவ்வொருவனையும் விரல் நீட்டித் திட்டினாள். "ஏய் செவப்பு சட்ட! தாண்டிப் போ! கண்ணு தெரில?" பின்னாலிருந்த கிழவருக்கு ஒரே சந்தோஷம், கூட ஒரு ஆள் கிடைத்தது என்று.

எங்கள் மூலையில் கார்னர் கிக். அடிக்க வந்தவன் பாபு, பெயிண்ட் ஷாப், மண்ணூர்பேட்டைப் பையன். நான் பிடிப்பதற்குள் கலை ஓடிப்போய் அவன் முன்னால் நின்றுவிட்டாள்.

"அண்ணா, மிதிக்காத. எங்க நைனா முதுவு வலிக்க வலிக்கப் போட்டது."

பாபு என்னைப் பார்த்தான். ரெப்பரியைப் பார்த்தான். "சரி தங்கச்சி" என்றான். சேற்றைத் தாண்டுகிற மாதிரிக் காலைத் தூக்கி வைத்து அடித்தான். பந்து யாருக்கும் போகவில்லை, கூட்டத்துக்குள் போனது. "டேய் பாபு, பரதநாட்டியம் ஆடறியாடா!" என்று சனம் கத்தியது. அதற்குப் பிறகும் எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் கோட்டைத் தாண்டித் தாண்டித்தான் ஓடினான். ஒவ்வொரு தாண்டலுக்கும் இவளைப் பார்த்து ஒரு சலாம்.

இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்கு குளுக்கோஸ் தூவின எலுமிச்சம்பழ மூடி. பாபு இவளுக்கும் ஒன்று கொடுத்தான். உறிஞ்சித் தீர்த்துவிட்டாள். அம்மாவிடம் சொல்வதில்லை என்று ஒப்பந்தம்.

மப்ளர் என் கழுத்தில். இரண்டாம் பாதி முழுக்க இவள் கத்தல். ஒன்பது மாதத்தில் இருமலைத் தவிர அந்தத் தொண்டையிலிருந்து சத்தமாக ஒன்றும் வந்ததில்லை. ஒவ்வொரு கத்தலுக்குப் பிறகும் இருமல் வருகிறதா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. இந்த மேட்சையும் நான் பார்க்கவில்லை.

முடிவு 1-0. யாருக்கு என்று விசாரிக்க வேண்டும்.

ஜி.எம். "நீலக் கோடு பளிச்சுன்னு தெரியுதே" என்றாராம். செகரட்டரி "நான்தான் சார் போடச் சொன்னேன்" என்றாராம்.

பிப். 27, திங்கள்

காலையிலேயே ஜெ. கலையின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். "மூச்ச இஸ்து வுடு. இன்னொரு தபா." அடுப்படிக்குப் போனாள்.

நான் வேலைக்குக் கிளம்பும் நேரம். கலை ஒரு இருமல் இருமினாள். ஒன்றே ஒன்று.

அடுப்படியிலிருந்து: "யாரு இருமுனது?"

"நான்தான்."

"எங்க, இன்னொரு தபா இருமு."

இருமினேன்.

"அது இல்ல."

வந்து பார்த்தாள். கலை வாய் நிறைய நேற்று மீந்த பொரி. "பொரி ஏறிப்போச்சும்மா" என்றாள். நானும் பொரிதான் என்றேன். ஜெ. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 1, புதன்

லேசான மேகம், காற்றில்லை. ஒரு நாளைக்கு மூன்று வேளை முதுகில் காது. கலைக்கு ஜன்னலும் மூடியாயிற்று, தூசி வருகிறதாம்.

"உன் காத வாடகைக்கு வுட்டா ஆஸ்பத்திரில படமே எடுக்கத் தேவல" என்றேன். ஜெ. சிரிக்கவில்லை.

"அந்தப் படத்துல மேகம் தெரிஞ்சப்ப, வெளக்குல தூக்கிப் புடிச்சி டாக்டரம்மா காட்டிகினு இருந்தாங்க. நீ சிரிச்சிகினு இருந்த. நான் பாத்துகினு இருந்தேன்."

அன்றைக்குச் சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லவும் வரவில்லை. கிரவுண்டுக்குப் போய் வலையில் மீதியிருந்த இரண்டு ஓட்டையையும் முடிந்தேன். ஒன்றை முடிந்த பிறகு பிரித்து மறுபடி முடிந்தேன்.

மார்ச் 3, வெள்ளி

பாபு வீடு தேடி வந்தான். கையில் பழைய லெதர் பந்து, இரண்டு இடத்தில் தையல் பிரிந்து தைத்தது. "தங்கச்சிக்கு" என்றான். ஜெ. அவனுக்கு டீ கொடுத்தாள். பந்தை வாங்கி பீரோ மேல் வைத்துவிட்டாள். கலை பீரோவையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

பாபுவிடம் மெதுவாகக் கேட்டேன், யார் ஜெயித்தது என்று. "நாங்கதான் அண்ணாத்தே. நான்தான் கோலு போட்டேன். நீ அங்கதான குந்திகினு இருந்த?"

"சும்மா கேட்டேன் மாமே, உன் வாயால வரட்டும்னு."

மார்ச் 5, ஞாயிறு

வாரம் முடிந்தது. காய்ச்சல் இல்லை. இருமல் ஒன்று, பொரி.

பதினொரு மணிக்கு ஜெ. கலையின் முதுகில் காதை வைத்தாள். ரொம்ப நேரம். கலைக்குக் கூச்சம், நெளிந்தாள். ஜெ. காதை எடுக்கவே இல்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஸ்டூல் போட்டு ஏறி பீரோ மேலிருந்து பந்தை எடுத்தாள்.

"செருப்பு போட்டுகினு போ."

கலை நின்ற இடத்தில் நின்றாள், நம்பாமல்.

"போடி!" என்னிடம்: "ஜூன்ல எந்த ஸ்கூலுன்னு நாளைக்கு விசாரி."

தெருப்பிள்ளைகள் ஆறு பேர். கலை யாரையும் ஆடவிடவில்லை. முதலில் ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்தாள். கோணல். சரி செய்யச் சொல்லிக் கொடுக்கலாமென்று போனேன், "நீ போ நைனா" என்றாள். போனேன்.

ஜெ. கையில் மப்ளரோடு வாசற்படியில். கால் மணி நேரம் அப்படியே நின்றாள். கலை ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள், கத்தினாள். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். அப்புறம் பந்து உருண்டு வந்து ஜெ. காலடியில் நின்றது.

"யம்மா, அடி!" என்றாள் கலை. "அத்தே, அடி அத்தே!" என்றன மற்றதுகள்.

ஜெ. தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தாள். மப்ளரை என் மேல் போட்டாள். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள். அடித்தாள்.

எஸ்தர் அக்கா வீட்டுக்கு இன்று விருந்தாளி எட்டுப் பேர். சர்ச்சிலிருந்து வருகிறார்கள். மீன் குழம்பை வாசலில் இறக்கி ஆறவைத்திருந்தது. மூடி போடவில்லை. சட்டி உடையவில்லை. பந்து குழம்புக்குள் அளவாக உட்கார்ந்துவிட்டது. விருந்தாளிகளுக்கு ரசமும் அப்பளமும். பந்தை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி வாசலில் காயவைத்திருக்கிறோம். பக்கத்தில் பூனை இரண்டு.