மொட்டைமாடிக்கு யாரும் போகவில்லை

காசாபிளாங்கா
10 ஜனவரி 1994

அன்பு இத்ரீஸ் அண்ணனுக்கு,

சலாம். நானும் மகளும் சுகம். அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? போன மாதமே எழுதுகிறேன் என்றாய், ஒரு வரி வரவில்லை. நகரத்துப் பள்ளிக்கெல்லாம் வாத்தியார் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுக்கிறவருக்குத் தங்கைக்கு எழுத மட்டும் நேரமில்லை!

முப்பத்துநாலு வயதில், விவாகரத்தான கையோடு, உன் பேச்சைக் கேட்டுத்தானே பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தேன்? இப்போது கேள். மூன்றாம் வகுப்பில் எனக்கு அறுபத்தொரு பிள்ளைகள், பெஞ்சுக்கு மூன்று பேர். 27ஆம் தேதி இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் மார்க் போட்டால்தான் என் வேலை நிரந்தரம். ஹெட்மாஸ்டர் நேற்றுக் கூப்பிட்டு, "நல்லா வாசிக்கிற முப்பது பேரை வச்சுக்கங்க. மத்ததுங்களை மொட்டைமாடிக்கு அனுப்பிடுங்க, வாட்ச்மேன் பாத்துக்குவார்" என்றார். வருஷா வருஷம் இப்படித்தானாம். உன் பயிற்சியில் இதைச் சொல்லித்தரவே இல்லையே?

உன் தங்கை,
ஃபதீலா

ரபாத்
15 ஜனவரி 1994

அன்புத் தங்கச்சிக்கு,

கோபிக்காதே, வேலை ஆளை முறிக்கிறது. இந்த வருஷம் நாற்பது பேரை எடுத்தேன். பதினொரு பேர் மூன்றே மாதத்தில் ஓடிவிட்டார்கள். நீ பன்னிரண்டாவது ஆகிவிடாதே.

ஹெட்மாஸ்டர் சொல்வதைச் செய். எல்லாரும் செய்வதுதான். வகுப்பெடுத்த காலத்தில் நானும் செய்தேன். ஒரு மணி நேரம் மாடியில் நின்றால் யாருக்கும் உயிர் போய்விடாது. முதலில் வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் உன் வீரத்தைக் காட்டு. மகளை நினைத்துப் பார்.

இத்ரீஸ்

காசாபிளாங்கா
30 ஜனவரி 1994

அண்ணா,

யாரையும் அனுப்பவில்லை. அறுபத்தொரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. இன்ஸ்பெக்டர் நேராகப் போய்க் கடைசி பெஞ்சு ஹலீமாவை எழுப்பினார். எழுத்துக்கூட்டி வாசித்தவள் பாதியில் நின்றாள். "இதுக்கு மேல இன்னும் வரல சார். டீச்சர் நாளைக்குச் சொல்லித் தருவாங்க" என்றாள். எனக்கு அவளை அப்படியே அள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நிரந்தரமாக்கத் தகுதியில்லை, இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். எழுதட்டுமே!

மாடியில் நின்றால் என்ன என்று கேட்டாய். நான் நின்றிருக்கிறேன் அண்ணா. நம் பள்ளியில்தான். எனக்கு எட்டு வயது, நீ ஐந்தாம் வகுப்பு. குளிரில் பல் கிட்டித்தது. கீழே நீ இன்ஸ்பெக்டருக்கு ஒப்பித்தது எனக்குக் கேட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான் வாயே திறக்கவில்லை. நான் மக்கு என்று அன்றைக்கு எனக்கு நானே முடிவு பண்ணிக்கொண்டேன். அது மனசை விட்டுப் போக இருபது வருஷம் ஆயிற்று.

உனக்கு ஆபீசில் ஆள் பழக்கம் உண்டு, ரிப்போர்ட்டை மாற்றிவிடலாம் என்று நினைப்பாய். அதில் கை வைத்தால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

ஃபதீலா

ரபாத்
20 பிப்ரவரி 1994

ஃபதீலா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ மாடியில் நின்றது சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது. ரிப்போர்ட்டைத் தொடவில்லை.

நேற்றுப் பயிற்சி வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன், நான் பிள்ளைகளை மாடிக்கு அனுப்பியதையும் சேர்த்து. ஒரு பெண் எழுந்து, "அப்போ அறுபது பேரையும் வச்சுக்கிட்டு எப்படி சார் பாடம் நடத்துறது?" என்று கேட்டாள். எட்டு வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறேன், எனக்குப் பதில் தெரியவில்லை. நோன்பு முடிந்ததும் இவர்களை உன் வகுப்புக்குக் கூட்டி வரட்டுமா? எந்தத் தேதி சௌகரியம் என்று எழுது.

உன் அண்ணன்,
இத்ரீஸ்

காசாபிளாங்கா
26 பிப்ரவரி 1994

அன்பு அண்ணா,

வா, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா. ஹெட்மாஸ்டர் குதிப்பார், குதிக்கட்டும். உட்கார இடம் கிடையாது, நின்றுதான் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு. நடத்தத் தெரியாமல் நான் திணறுவதையும் பார்க்கட்டும்.

தேதி கேட்டாயே, அதை மட்டும் சொல்ல மாட்டேன். என்றைக்கு வருகிறாய் என்று எனக்கும் எழுதாதே. ஹெட்மாஸ்டருக்கும் எழுதாதே. சொல்லாமல் வா.

ஃபதீலா